ஆப்பிரிக்க மொழியும் இலக்கியமும்: ஆங்கிலத் துறையா, ஐரோப்பாவா, தார் எஸ் சலாமா, புலம்பெயர் ஆய்வா?

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இறுதியாண்டில் பின்காலனிய இலக்கியம் என்று ஒரு தாள் வரும். சினுவா அச்செபே, வோலே சோயிங்கா, கூகி வா தியாங்கோ, டெரெக் வால்காட், டோனி மாரிசன் எல்லாரும் அந்த ஒரே தாளில் வந்துவிடுவார்கள். தேர்வு முடிந்த பிறகும் சிலருக்கு அந்தத் தாள் மட்டும் மனசை விட்டுப் போவதில்லை. "இதையே மேலே படிக்கணும், எங்கே சேரலாம்?" என்று கேட்கிறார்கள். மொழியியல் படித்தவர்கள் கேட்பது இன்னும் குறிப்பானது: "சுவாஹிலி படிக்க லண்டன் போவதா, தான்சானியாவுக்கே போவதா?" கறுப்பின அமெரிக்க எழுத்தில் மனம் போனவர்களுக்கு, ஆப்பிரிக்க மொழி ஒன்றைக் கற்றே ஆக வேண்டுமா என்ற குழப்பம்.

இவர்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். எந்த அளவுகோலை வைத்து அவற்றை எடை போடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுக்கும் பழக்கம் இந்தத் துறையில் உதவாது.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், மொழி எவ்வளவு ஆழமாகக் கிடைக்கும் என்பது. இரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவில் ஒரு நாவலை அகராதி உதவியோடு வாசிக்க முடியுமா, அல்லது நலம் விசாரிக்கும் அளவோடு நின்றுவிடுமா?

இரண்டாவது, அந்தத் துறை எதை "ஆப்பிரிக்க இலக்கியம்" என்று கணக்கில் எடுக்கிறது என்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் கேட்கத் தவறுவது இதைத்தான். 1962 ஜூன் மாதம் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று கூடியது. ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மாநாடு என்பதே அதன் பெயர். அச்செபே வந்தார், சோயிங்கா வந்தார், அப்போது மாணவராக இருந்த கூகியும் ஆங்கிலத்தில் எழுதிய சில கதைகளின் பலத்தில் உள்ளே போனார். கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் மகாகவி ஷாபான் ராபர்ட்டுக்கும், நைஜீரிய மொழியான யொரூபாவில் நாவல் எழுதிய ஃபகுன்வாவுக்கும் அந்தப் பெயரின்படியே அங்கே இடமில்லை. அதே ஜூன் மாதத்தில் ஷாபான் ராபர்ட் காலமானார். மறு ஆண்டு ஒபி வாலி என்ற நைஜீரிய விமர்சகர், இந்தப் பாதை முட்டுச்சந்தில்தான் போய் முடியும் என்று எழுதினார். கூகி அதைப் பல ஆண்டுகள் மனதில் போட்டு உழப்பி, 1978இல் கென்யாவின் கமிட்டி சிறையில் கழிப்பறைத் தாளில் தன் தாய்மொழியான கிகுயுவில் நாவல் எழுதினார். 2025 மே மாதம் அவர் மறைந்தபோது உலகம் முழுக்க அஞ்சலிக் கட்டுரைகள் வந்தன. அவர் எழுப்பிய கேள்விக்குப் பாடத்திட்டங்கள் பலவற்றில் இன்னும் பதில் இல்லை. நீங்கள் சேரப்போகும் துறையில் ஷாபான் ராபர்ட் இருக்கிறாரா, அச்செபே மட்டும் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவது, பணம். கட்டணத்தோடு விசா, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை, இழுத்துக்கொண்டு போகும் மாதங்கள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். நான்காவது, படித்து முடித்த பிறகு அந்தப் பட்டம் எங்கே செல்லும் என்பது.

## வழி ஒன்று: நம்மூர் ஆங்கிலத் துறை வழியே

செலவு குறைந்த வழி இது. வேலைக்குப் பாதுகாப்பான வழியும் இதுவே. முதுகலை ஆங்கிலம், பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட், அதன்பின் ஆப்பிரிக்க எழுத்தாளர் ஒருவரைப் பற்றி முனைவர் பட்டம் என்று போகும் பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆங்கிலப் பட்டம் நேராகச் செல்லும்.

மொழி ஆழம் என்ற அளவுகோலை வைத்தால் இங்கே கிடைப்பது ஒன்றுமில்லை. இலக்கியத்தில் கிடைப்பது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டதும் ஆங்கிலத்துக்கு வந்ததும். அதுவும் சிறிய உலகம் அல்ல. ஹைன்மன் பதிப்பகம் 1962இல் தொடங்கிய ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை மட்டுமே வாழ்நாள் முழுக்க வாசிக்கப் போதும். ஆனால் ஆய்வேடு எழுத உட்காரும்போது இடம் நெருக்கடியாகிவிடும். ஒரே ஐந்தாறு நாவல்கள், ஒரே கோட்பாடு, முன்னால் நூறு பேர் எழுதிய தலைப்பு. இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான்: மூன்று நான்கு ஆண்டு உழைத்தும் புதிதாக ஒன்றைச் சொல்லக் கஷ்டப்படுவீர்கள்.

இந்தியாவுக்குள்ளேயே இன்னொரு கதவும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை 1955இல் தொடங்கியது. மும்பைப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு மையம் 1971இலிருந்து இருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. இவையெல்லாம் அரசியல், பொருளாதாரம், வரலாறு, வெளியுறவுப் பக்கம் சாய்ந்தவை. இலக்கியம் தேடிப் போகிறவருக்கு முழுச் சாப்பாடு கிடைக்காது. ஆனால் சுவாஹிலியில் கால் நனைக்க தில்லி நல்ல இடம். நெட் தேர்வில் 'சர்வதேச மற்றும் வட்டார ஆய்வுகள்' என்ற பாடமும் இருப்பதால், இந்தப் பட்டத்துக்கும் வேலைவாய்ப்பு முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. பணியிடங்கள் என்னவோ மிகக் குறைவு.

யாருக்கு இது பொருந்தும்? வீட்டுப் பொறுப்பு தோளில் இருப்பவர்களுக்கு, இரண்டு ஆண்டுக்குள் சம்பாதிக்கத் தொடங்கியே ஆக வேண்டியவர்களுக்கு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதுகலை படிக்கும்போதே பக்கத்தில் ஒரு மொழியைத் தொடங்கிவிடுங்கள். முனைவர் பட்டத் தலைப்பு எடுக்கும் நாளில் அது உங்களைக் காப்பாற்றும்.

## வழி இரண்டு: ஐரோப்பிய, அமெரிக்க மொழித் துறைகள்

லண்டனில் கிழக்கத்திய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரியான சோவாஸ் 1916இல் தொடங்கியது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆப்பிரிக்க மொழிகளுக்கான பேராசிரியர் பதவி 1909இலேயே உருவாகி, கார்ல் மைன்ஹோஃப் அமர்த்தப்பட்டார். காலனிகளுக்கு அதிகாரிகளை அனுப்புவதற்காகத் திறந்த கல்விக்கூடங்கள் இவை, அதை மறைக்க வேண்டியதில்லை. பாரிஸில் இனால்கோ, நெதர்லாந்தில் லைடன், ஜெர்மனியில் பைராய்ட் ஆகியவையும் இந்த வரிசையில் பெயர் பெற்றவை. பைராய்டில் ஆண்டுதோறும் சுவாஹிலி ஆய்வாளர்கள் கூடும் கருத்தரங்கு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1981இல் அங்கே உலி பையர் தொடங்கிய இவலேவாஹவுஸ் ஆப்பிரிக்கக் கலைக்கான மையமாக இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகம் 1964இல் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் இலக்கியத்துக்கும் என்றே தனித் துறை கண்டது. இன்று அது ஆப்பிரிக்கப் பண்பாட்டு ஆய்வுத் துறை என்ற பெயரில் நடக்கிறது.

இந்த வழியின் பெரிய பலம் நூலகம். சுவாஹிலியை முன்பு அரபு எழுத்தில் எழுதினார்கள். 1728 என்று தேதியிட்ட 'உதேண்டி வா தம்புகா' என்ற காவியத்தின் மிகப் பழைய பிரதி ஹாம்பர்க்கில்தான் இருக்கிறது. சோவாஸ் நூலகத்திலும் அரபு எழுத்து சுவாஹிலிப் பிரதிகளின் பெரிய தொகுப்பு உண்டு. பழைய கவிதையில் ஆய்வு செய்ய நினைப்பவர் எந்த வழியில் போனாலும் ஒரு நாள் இங்கே வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒரே இடத்தில் ஹௌசா, யொரூபா, சோமாலி, அம்ஹாரிக் படிப்பவர்களோடு பழகக் கிடைப்பதும் வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒன்று.

மொழி ஆழம்? இங்கேதான் கவனம் வேண்டும். இணையதளத்தில் பத்து மொழி போட்டிருப்பார்கள். சேர்ந்த பிறகு, போதிய மாணவர் இல்லை என்று மூன்றாம் நிலை வகுப்பு அந்த ஆண்டு நடக்காது. ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பிப்பவர்கள் பல இடங்களில் ஒப்பந்த ஆசிரியர்கள். ஒருவர் போய்விட்டால் மொழியும் அவரோடு போய்விடும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலையில் ஒரு மொழியை அடியிலிருந்து கற்றால், முடிக்கும்போது சிறுவர் கதை வாசிக்கும் நிலையில்தான் இருப்பீர்கள். மொழி தெரிந்தவர் போனால் அந்த ஓராண்டு பொன்னானது. தெரியாதவர் போனால் அறிமுகத்தோடு திரும்புவார்.

இனி பணம். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு முதுகலைக் கட்டணமே பல இடங்களில் 20,000 பவுண்டைத் தாண்டும், லண்டன் வாடகை தனி. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் எல்லாச் செலவும் அடங்கும். ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்து இரண்டு ஆண்டு ஊர் திரும்பியும் இருக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்குச் சில நூறு யூரோ மட்டும். 'கட்டணமில்லை' என்று கேட்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். விசாவுக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதாமாதம் திரும்ப வரும். ஆனாலும் அத்தனை தொகையையும் ஒரே நேரத்தில் திரட்டியாக வேண்டும். பாடென் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணமும் உண்டு. இளங்கலைக்கு ஜெர்மன் மொழி கட்டாயம் என்பது பொது நிலை. முதுகலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் முதுகலைக்குச் சொந்தப் பணம் போட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நேரடி முனைவர் பட்டத்தில் இடம் கிடைத்து, உதவி ஆசிரியராகக் கற்பித்துக்கொண்டே சம்பளமும் கட்டண விலக்கும் பெறுவது வேறு கதை. அது ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும். ஆப்பிரிக்க மொழி கற்க அமெரிக்க அரசு தந்துவந்த 'ஃபிளாஸ்' உதவித்தொகையின் பெயர் பல துறைப் பக்கங்களில் இருக்கும். அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் விசாரித்துப் பார்க்கலாம்.

## வழி மூன்று: மொழி வாழும் ஊருக்கே போவது

என் மனம் சாயும் வழி இதுதான், அதனால் இதைப் பற்றிக் கூடுதலாகவே எழுதுகிறேன்.

தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் சுவாஹிலி ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. டட்டாகி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே சுவாஹிலி இலக்கியத்தைச் சுவாஹிலியிலேயே நடத்துகிறார்கள், ஆய்வேட்டையும் சுவாஹிலியிலேயே எழுதலாம். அகராதியிலிருந்து இலக்கணம் வரை, விமர்சனத்திலிருந்து கலைச்சொல் வரை எல்லாம் அந்த மொழிக்குள்ளேயே நடக்கின்றன. ஒரு மொழியின் இலக்கியத்தை அந்த மொழியாலேயே பேசும் இடத்தில் படிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சுவாஹிலியின் 'உதேண்டி' வடிவத்தில் ஒரு செய்யுளுக்கு நான்கு அடி, அடிக்கு எட்டு அசை. முதல் மூன்று அடியும் ஒரே இயைபில் முடியும். நான்காவது அடியின் இயைபு மட்டும் காவியம் முழுக்க மாறாமல் வரும், ஆயிரம் செய்யுள் இருந்தாலும் அதே ஒலி. கேட்பவரின் காது அந்த நான்காவது அடிக்காகக் காத்திருக்கும். 1974இல் யூஃப்ரேஸ் கெசிலஹாபி 'கிச்சோமி' என்ற தொகுப்பில் இந்த அசைக்கணக்கையும் இயைபையும் விட்டுவிட்டு எழுதினார். மரபுக் கவிஞர்கள் கொதித்தெழுந்தார்கள், இது கவிதையே இல்லை என்றார்கள். மரபுக்கவிதை, புதுக்கவிதைச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சூடு உடனே புரியும். ஆனால் அந்த இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் அடுத்தடுத்து வாசித்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எதை எதிர்த்து எது எழுந்தது என்பதே தெரியாமல் போய்விடும். தான்சானியாவில் செய்தித்தாளில் வாசகர்கள் மரபுச் செய்யுள் எழுதி அனுப்புவதும், ஒருவர் கேள்வி கேட்க இன்னொருவர் செய்யுளிலேயே பதில் சொல்வதும் வழக்கம். இதையெல்லாம் லண்டன் வகுப்பறையில் கேள்விப்படலாம். அங்கே போனால் காலையில் கையில் வாங்கி வாசிக்கலாம்.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றையும் மறைக்கக் கூடாது: இதே கெசிலஹாபி தன் முனைவர் பட்டத்தை விஸ்கான்சினில்தான் செய்தார். இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. எது முதலில் என்பதுதான் கேள்வி.

பொருந்தாத இடங்களும் உண்டு. சுவாஹிலி தெரியாமல் தார் எஸ் சலாமில் சுவாஹிலி இலக்கிய முதுகலையில் உட்கார முடியாது. முதலில் சில மாதம் முதல் ஓராண்டு வரை மொழிக்கென்றே ஒதுக்க வேண்டும். தான்சானியத் தீவான ஜான்ஜிபாரின் அரசுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு நடத்தும் சுவாஹிலி வகுப்புகள் அதற்கு ஏற்றவை. ஜான்ஜிபாரின் நகரப் பேச்சுதான் பொதுச் சுவாஹிலிக்கு அடிப்படை. 1928இல் அந்த ஊர்ப் பாடகி சித்தி பிந்தி சாத் பம்பாய்க்குக் கப்பலேறி வந்து இசைத்தட்டுப் பதிவு செய்தார், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் ஷாபான் ராபர்ட். ஐஐடி மெட்ராஸ் 2023இல் ஜான்ஜிபாரில் வளாகம் திறந்திருக்கிறது. அது தொழில்நுட்பப் படிப்புக்கானது, மொழி படிக்கப் போகிறவர்கள் பெயரைப் பார்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிட அதிகம், பெரும்பாலும் டாலரில் சொல்வார்கள். அப்படியும் பிரிட்டனோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. மறைமுகச் செலவு காலத்தில்தான் இருக்கிறது. மாணவர் குடியிருப்பு அனுமதி, ஆய்வு அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் வாரங்கள் போகும். கடிதத்துக்குப் பதில் வரத் தாமதமாகும், தொலைபேசியில் பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

நைஜீரியா இன்னொரு பெரிய உலகம். 1948இல் தொடங்கிய இபாடன் பல்கலைக்கழகத்திலும், இலே-இஃபேயில் உள்ள ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகத்திலும் யொரூபாவைப் படிப்பதற்கு நிகரான இடம் உலகில் இல்லை. ஃபகுன்வாவின் 1938ஆம் ஆண்டு நாவலை சோயிங்கா ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். அதைப் படித்தவர்கள் மூலத்தைப் படிக்க ஆசைப்படுவார்கள், அதற்கான ஊர் இது. ஆனால் அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் படிப்பை நிறுத்திவிடும். 2022இல் அது பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை எட்டு மாதம் நீடித்தது. ஆசிரியர்கள் கேட்டது நியாயமான ஊதியமும் பல்கலைக்கழகங்களுக்கு நிதியும். அந்த நியாயம் ஒருபுறம் இருக்க, விசாவும் உதவித்தொகையும் நாள் குறித்து வரும் வெளிநாட்டு மாணவர் எட்டு மாதத்தை எங்கிருந்து எடுப்பார்? முழுப் பட்டத்துக்குப் போவதைவிட, வேறு இடத்தில் பதிவு செய்துகொண்டு களப்பணிக்குப் போவது நைஜீரியா விஷயத்தில் புத்திசாலித்தனம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் குவாசுலு-நாடால் பல்கலைக்கழகம் 2014இலிருந்து, ஜூலு தெரியாத இளங்கலை மாணவர்களுக்கு ஜூலுவைக் கட்டாயப் பாடமாக வைத்தது. 1860இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போய் இறங்கியவர்களின் வழிவந்தோர் வாழும் ஊர் அது. அங்கே ஜூலு படிக்கும் தமிழர் ஒருவருக்கு, வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத ஆய்வுத் தலைப்புகள் தெருவிலேயே கிடக்கின்றன. ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு 'யூனிசா' என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பிக்கிறது. தொலைநிலைப் பட்டம் இந்தியாவில் எந்த வேலைக்குச் செல்லும் என்பதை மட்டும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நைஜீரியா, கென்யா, உகாண்டா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்கு அனுப்பிவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

## வழி நான்கு: புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கரின் மொழியும் எழுத்தும்

1968–69இல் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் ஐந்து மாதம் போராடிப் பெற்றதுதான் அமெரிக்காவின் முதல் கறுப்பின ஆய்வுத் துறை. 1988இல் டெம்பிள் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் முதல் முனைவர் படிப்பைத் தொடங்கியது. கரீபியத் தீவுகளுக்கு 1948இலிருந்து மேற்கிந்தியப் பல்கலைக்கழகம், பிரேசிலுக்கு சல்வடோர் நகரில் பாஹியா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க-கிழக்கத்திய ஆய்வு மையம். பிரேசிலில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆப்பிரிக்க-பிரேசிலிய வரலாறும் பண்பாடும் கற்பிப்பதைக் கட்டாயமாக்கிய பிறகு இந்தத் துறைக்கு அங்கே புது ரத்தம் பாய்ந்தது.

கோட்பாடு, வரலாறு, அரசியல் ஆகியவற்றில் இந்த வழி மிக வலுவானது. சாதியும் இனமும் பற்றி ஒப்பிட்டு எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. ஆனால் பல துறைகளில் ஆப்பிரிக்க மொழி விருப்பப் பாடமாக மட்டும் இருக்கிறது, எடுக்காமலேயே பட்டம் வாங்கிவிடலாம். அதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு லொரென்சோ டர்னர் செய்த வேலையைச் சொல்வேன்.

டர்னர் ஒரு கறுப்பின அமெரிக்க மொழியியலாளர். ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத் தீவுகளில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்த கல்லா மக்கள் பேசுவதை எல்லோரும் உடைந்த ஆங்கிலம் என்று ஒதுக்கிய காலம் அது. 1930களின் தொடக்கத்தில் அவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி என்ற பெண் ஒரு பாட்டுப் பாடினார். பொருள் அவருக்கே தெரியாது, தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சியரா லியோன் மாணவர் ஒருவர் அதைக் கேட்டு, இது மெண்டே மொழி என்றார். டர்னர் லண்டன் சென்று ஆப்பிரிக்க மொழிகளைப் படித்தார். 1949இல் வெளிவந்த அவருடைய நூல், கல்லா பேச்சில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கப் பெயர்களும் சொற்களும் வாழ்வதை நிறுவியது. பல பத்தாண்டு கழித்து ஆய்வாளர்கள் அந்த ஒலிப்பதிவை சியரா லியோனுக்குக் கொண்டுபோனார்கள். செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் பெண்டு ஜபாட்டி என்ற பெண் அதே பாட்டைத் தொடர்ந்து பாடினார். அது சாவுச் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு. 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்தக் கிராமத்துக்கே போய்ச் சேர்ந்தார். இந்தச் சங்கிலியில் மெண்டே தெரிந்த ஒருவர் இல்லாமல் போயிருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

எனவே கல்லா ஆய்வுக்கு மெண்டே, கியூபா, பிரேசில் சடங்குப் பாடல்களுக்கு யொரூபா என்று ஒரு மொழி தேவைப்படும். அதோடு ஸ்பானிஷோ போர்த்துகீசோ பிரெஞ்சோ வேண்டும். இரண்டு மொழிச் சுமை, இதுவே இந்த வழியின் மறைமுகச் செலவு. ஐரோப்பிய, ஆப்பிரிக்க மொழிகள் கலந்து பிறந்த கிரியோல் மொழியையே மையமாக எடுத்தால் சுமை கொஞ்சம் குறையும். ஹைத்தி கிரியோல் 1987 அரசியல் சாசனத்தில் ஆட்சிமொழி ஆனது. அதில் முதல் நாவலை ஃபிராங்கெத்தியென் 1975இலேயே எழுதிவிட்டார். மார்த்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் கூலிகளாகப் போனவர்களில் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்த மாணவர் யாராவது இதைப் படித்தால், பிரெஞ்சுக் கரீபியக் கிரியோல் பக்கம் கட்டாயம் பார்க்கச் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இந்திய ஆங்கிலத் துறை | ஐரோப்பா, அமெரிக்கா | ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் | புலம்பெயர் ஆய்வு |
|---|---|---|---|---|
| மொழி ஆழம் | இல்லை, நீங்களே கற்க வேண்டும் | துறையையும் அந்த ஆண்டையும் பொறுத்தது | மிக ஆழம் | பெரும்பாலும் விருப்பப் பாடம் |
| எந்த இலக்கியம் | ஆங்கிலத்தில் உள்ளவை | எல்லாமே, பழம்பிரதிகள் உட்பட | அந்த மொழியின் முழு இலக்கியம், வாய்மொழி உட்பட | அட்லாண்டிக்கின் மறுகரை எழுத்து |
| நேரடிச் செலவு | மிகக் குறைவு | பிரிட்டன் அதிகம், ஜெர்மனி குறைவு | நடுத்தரம் | நாட்டைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | தேய்ந்த தலைப்புகள் | முடக்கக் கணக்கு, நின்றுபோகும் வகுப்புகள் | அனுமதித் தாமதம், வேலைநிறுத்தம் | இரண்டு மொழிச் சுமை |
| இந்திய வேலை | நேரடி | இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று (சமநிலைச் சான்று) தேவை | சமநிலைச் சான்று தேவை | ஆங்கிலத் துறையோடு ஒட்டலாம் |

## எந்த மொழி?

தமிழ் மாணவருக்கு முதல் மொழியாக நான் சொல்வது சுவாஹிலி. யுனெஸ்கோ கணக்கில் பேசுவோர் 20 கோடிக்கு மேல், ரோமன் எழுத்து, சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறும் தொனி வேறுபாடு இல்லை. நாம் வினைக்குப் பின்னால் ஒட்டுவதில் பலவற்றை அவர்கள் முன்னால் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். பெயர்ச்சொற்களைப் பல வகைகளாகப் பிரிக்கும் முறைதான் முதல் ஆறு மாதம் படுத்தும். யொரூபாவில் மூன்று தொனி, ஜூலுவில் நாக்குச் சொடுக்கொலிகள், அம்ஹாரிக்கில் இருநூறுக்கு மேற்பட்ட எழுத்துகள். இவையெல்லாம் தடைகளல்ல, ஆனால் ஆசிரியர் அருகில் இல்லாமல் தொடங்க முடியாது. உங்கள் ஈடுபாடு பிரேசில், கியூபா பக்கம் என்றால் கடினம் பாராமல் யொரூபாவுக்கே போங்கள்.

## யார் எதை எடுக்கலாம்?

ஆசிரியர் வேலை உடனே வேண்டும், சேமிப்பு இல்லை என்றால் முதல் வழி, கூடவே சுவாஹிலி. மொழி ஏற்கெனவே கொஞ்சம் தெரியும், பழம்பிரதிகளில் ஆர்வம் என்றால் சோவாஸ் அல்லது ஹாம்பர்க். பணம் குறைவு, காலம் இருக்கிறது, ஜெர்மன் கற்கவும் தயார் என்றால் பைராய்ட். நாவலையும் கவிதையையும் மூலத்தில் படித்துத் தமிழுக்கு நேரடியாகக் கொண்டுவர ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜான்ஜிபாரில் மொழி, பிறகு தார் எஸ் சலாமில் முதுகலை. 2021இல் நோபெல் பெற்ற அப்துல்ரசாக் குர்னா ஜான்ஜிபார்க்காரர், தாய்மொழி சுவாஹிலி, எழுதுவது ஆங்கிலத்தில். அவரைத் தமிழில் பெயர்க்க ஆள் கிடைத்துவிடும். கெசிலஹாபியை மூலத்திலிருந்து பெயர்க்கத்தான் ஆள் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒரு கடிதம் எழுதி நான்கு விஷயம் கேளுங்கள். இந்த ஆண்டு அந்த மொழியில் எத்தனை நிலை வகுப்பு உண்மையில் நடக்கிறது? கற்பிப்பவர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா? ஆப்பிரிக்க மொழியில் எழுதப்பட்ட எந்தெந்த நூல்கள் மூலத்திலேயே பாடமாக உள்ளன? களப்பணிக்கு நிதி உண்டா? நான்குக்கும் தெளிவான பதில் தராத துறைக்கு எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

பதில் வருவதற்குள் பிபிசி சுவாஹிலியையோ டாய்ச்ச வெல்லேயின் சுவாஹிலிச் செய்தியையோ தினம் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள், ஓர் அடிப்படை இலக்கணப் புத்தகத்தோடு மூன்று மாதம். அதன் பிறகும் இன்னும் கேட்க வேண்டும்போல இருந்தால் இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் உங்களுக்கானவை. இல்லையென்றால் முதல் வழியிலேயே நல்ல வாசகராக, நல்ல ஆசிரியராக இருக்கலாம், அதிலும் குறை ஒன்றுமில்லை.